நாடி பார்த்த மாப்பிள்ளை

பெட்டியை, என்னைப் பெண் பார்க்க வந்தவர்களுடைய சாரதிதான் காரிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தான். எங்கே வைப்பது என்று சிங்களத்தில் கேட்டான். ஏதோ பலகாரம் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நினைத்த அம்மா, அதை உள்ளே கொண்டுபோக இரண்டு கையையும் நீட்டினார். சாரதி கொடுக்கவில்லை. விறாந்தையின் நடுவில் சீமெந்துத் தரையில் இறக்கிவைத்துவிட்டு, ஆடுகிறதா என்று காலால் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

வந்தவர்கள் இரண்டே பேர், மாப்பிள்ளையும் அவருடைய தாயும். மாப்பிள்ளை டொக்டர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பட்டாளத்து மருத்துவப் பிரிவில் இருந்தவர். போர் முடிந்ததும் கொழும்பிலேயே ஒரு வேலையில் அமர்ந்திருந்தார். முதல் மனைவி இறந்துபோனதைத் தரகர் மறைக்காமல் சொல்லியிருந்தார். ஐயா அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கந்தோரில் எழுதுவினைஞராக இருந்து பென்சனுக்குக் காத்திருந்த மனிதர் அவர். சீதனத்தைப் பற்றி வாய் திறக்காத டொக்டர் மாப்பிள்ளை வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்குள் காரை விட்டுக்கொண்டு வந்ததே அவருக்குப் போதுமாக இருந்தது.

நான் அப்போது ஹெவ்லொக் டவுன் பக்கத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பின்னேரங்களில் பிள்ளைகளுக்கு நெட்போல் பழக்குவதும் என் பொறுப்பு. சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு, விசிலும் கையுமாக நானும் அவர்களோடு ஓடுவேன்.

வடையும் கோப்பியும் வந்தன. தாய்க்காரி வழக்கமான கேள்விகளைக் கேட்டார். சமைக்கத் தெரியுமா, பாடத் தெரியுமா, பல் ஏதும் கட்டியதா. அதற்கெல்லாம் என்னைத் தயார்ப்படுத்தி வைத்திருந்தார்கள். பிறகு டொக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஐயாவைப் பார்த்துச் சொன்னார்:

"ஒரு சின்னச் சோதினை இருக்கு. பயப்பிட ஒண்டுமில்லை. பட்டாளத்திலை பொடியளை எடுக்கேக்கை இப்பிடித்தான் பாக்கிறது. இந்தப் பெட்டியிலை அஞ்சு நிமிசம் விடாமல் ஏறி இறங்கவேணும். பிறகு இருத்திப்போட்டு நாடியை எண்ணுவன். எவ்வளவு கெதியா நாடி அடங்குதோ, நெஞ்சும் மூச்சும் அவ்வளவு பலம் எண்டு அர்த்தம்."

ஐயா என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா கோப்பித் தட்டைப் பார்த்தார்.

"இப்பவே?" என்றார் ஐயா.

"ஓம். பிள்ளை சாப்பிட முதல் பாக்கிறதுதான் நல்லது."

நான் மறுத்திருக்கலாம் என்று இதைக் கேட்கிறவர்கள் சொல்வார்கள். வீட்டுக்கு வந்தவர்களின் முன்னால் தகப்பனின் முகம் கோணக்கூடாது என்று வளர்க்கப்பட்டவளுக்கு, எழுந்து உள்ளே போவது அந்தப் பெட்டியில் ஏறுவதைவிடக் கடினம். நான் எழுந்து போய்ப் பெட்டியருகில் நின்றேன்.

நல்ல தச்சனைக் கொண்டு செய்வித்து வார்னிஷ் பூசிய பெட்டி. மேற்பலகையின் நடுவில் மாத்திரம் வார்னிஷ் தேய்ந்து மரம் வெளிறியிருந்தது. தச்சன் பூசிய பூச்சு சரியில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். வலது காலை அதன்மேல் வைத்தபோது என் பாதம் அந்த வெளிறலுக்குள் சரியாகப் போய்ப் பொருந்தியது. அப்போதுதான் விளங்கியது. எனக்கு முன்னால் இதில் எத்தனை பெண்கள் ஏறி இறங்கினார்களோ! மூலையில் ஒரு ஆணித்தலையில் ஊதாப் பட்டு நூல் ஒன்று சிக்கி ஆடிக்கொண்டிருந்தது. எச்சில் தட்டில் எனக்குச் சோறு போட்டதுபோல இருந்தது.

"சீலையைக் கொஞ்சம் உசத்திச் செருகு பிள்ளை. தடக்கி விழுந்திடுவாய்" என்றார் தாய்க்காரி. அப்படிச் சொல்லிவிட்டு, தெரிந்த கணுக்கால்களை வடையைக் கடித்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

டொக்டர் கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். ஏறி இறங்குவது ஒரே வேகத்தில் இருக்கவேண்டும், தாளம் பிசகினால் கணக்குப் பிழைத்துவிடும் என்றார். பிறகு ஐயாவின் பக்கம் திரும்பினார்.

"நீங்கள் கை தட்டுறியளோ? நான் முதல் தட்டிக் காட்டுறன். அதே மாதிரி."

ஐயா கை தட்டினார்.

முதலில் கூச்சத்தோடு, விரல் நுனிகளால் தட்டினார். கேட்கவில்லை என்று டொக்டர் சொன்னதும் உள்ளங்கை சேரத் தட்டினார். நான் ஏறினேன், இறங்கினேன். போகப் போக ஐயாவின் தட்டு உறுதியாகி, கோவில் பஜனையில் தட்டுவதுபோல ஆகிவிட்டது. தலையும் சேர்ந்து ஆடியது. தான் செய்வதை அவர் மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை. என்னைப் பெற்ற மனிதர் கை தட்ட, ஊர் பேர் தெரியாத ஒருவர் முன்னால் நான் ஆடுகிறேன் என்று ஒவ்வொரு முறை கால் வைக்கும்போதும் நினைத்தேன். இத்தனைக்கும் இடையில் இன்னொன்றும் நடந்தது. என் கால்கள் ஓடிப் பழகியவை. பாதி நேரம் போனபோது அவை என்னைக் கேட்காமலே நன்றாகச் செய்யத் தொடங்கிவிட்டன. தோற்கக்கூடாது என்று உடம்பு தன்பாட்டுக்கு முனைந்தது. அதை நினைத்தால் என் கால்களிலேயே எனக்கு இன்னமும் வெறுப்பு வரும்.

டொக்டர் நிறுத்தச் சொல்லிக் கதிரையில் இருத்தினார். சற்று நேரம் கழித்து என் மணிக்கட்டைப் பிடித்தார். மூன்று விரல்கள், ஈரமாகவும் குளிராகவும். மீன் துண்டு ஒன்றைத் தோலின்மேல் ஒட்டியதுபோல இருந்தது. உதடுகள் அசைய எண்ணினார். கண் கடிகாரத்தில் இருந்தது. என் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. எண்ணி முடித்ததும் கைலேஞ்சியை எடுத்து விரல்களைத் துடைத்தார். என் வியர்வையை! கொஞ்ச நேரம் விட்டு மறுபடி பிடித்தார், எண்ணினார், துடைத்தார். மூன்றாவது முறையும் அப்படியே. சட்டைக்குள் முதுகு வழியே வியர்வை இறங்கிக்கொண்டிருந்தது. கடற்கரைப் பக்கம் ரயில் ஒன்று போனது. அதன் இரைச்சல் அடங்கும்வரை எல்லோரும் என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மனதுக்குள் கூட்டிப் பெருக்கினார். பிறகு தாயிடம் திரும்பி, "முதல்தரம்" என்றார்.

"எனக்குக் காலைப் பாத்தவுடனேயே தெரியும்" என்றார் தாய்க்காரி.

சாரதி வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். கார் ஒழுங்கையைத் தாண்டு முன்னமே ஐயா, "நல்ல காலம், நல்ல காலம்" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்.

"எனக்கு வேண்டாம் ஐயா" என்றேன்.

"என்ன வேண்டாம்?"

"இந்தக் கலியாணம்."

"ஏன், அந்த மனுசன் என்ன பிழை விட்டவர்? மாடு வாங்கிறவனும் பல்லைப் பாத்துத்தானே வாங்கிறான்? இவர் படிச்ச மனுசன். நாடியைப் பாத்தார்."

தான் சொன்னது அவர் காதில் விழவில்லை. அம்மாவின் காதில் விழுந்தது. அவர் தேங்காய்ப் பொச்சும் சவர்க்காரமும் எடுத்துவந்து, பெட்டி வைத்திருந்த இடத்தைக் குந்தியிருந்து தேய்த்துக் கழுவினார். யாரோ வாந்தியெடுத்த இடத்தைக் கழுவுவதுபோலக் கழுவினார். ஐயா காலைத் தூக்கிக்கொண்டு பேப்பர் வாசித்தார்.

அதன்பிறகு பல நாள், கிணற்றடியில் காகத்தைக் கலைக்க ஐயா கை தட்டினால்கூட எனக்கு அந்தப் பெட்டிதான் நினைவுக்கு வரும். சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிவிடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டொக்டர் தனியாக வந்தார். தாயும் இல்லை, பெட்டியும் இல்லை. நான் வேண்டாம் என்றதைத் தரகர் சொல்லியிருந்தார். காரணம் தெரியவேண்டும் என்றார். ஐயா என்னைக் கூப்பிட்டு எதிரே இருத்திவிட்டு, காது கேட்கும் தூரத்தில் நின்றுகொண்டார்.

"நான் உங்களை அவமதிக்க வேணுமெண்டு செய்யேல்லை" என்றார் டொக்டர். "என்ரை மனுசிக்குச் சின்ன வயசிலை வாதக் காய்ச்சல் வந்து நெஞ்சைப் பழுதாக்கியிருக்கு. வீட்டுக்காரர் சொல்லேல்லை. நானும் டொக்டர் எண்டு பேர், கவனிக்கேல்லை. வயித்திலை பிள்ளையோடை, என்ரை கையிலைதான் போனவ. இன்னொருக்கா அப்பிடிப் பாத்துக்கொண்டிருக்க என்னாலை ஏலாது."

பொய் இல்லை என்று தெரிந்தது. அந்த மனிதரில் எனக்கு இரக்கம் வந்தது. உண்மையாகவே வந்தது. அவர் பயந்துபோன மனிதர், பயத்தைச் சுமந்துகொண்டு வீடு வீடாகத் திரிகிறார் என்று நினைத்தேன். அதனால்தான் கேட்டேன்:

"உங்கடை நாடியை ஆர் எண்ணினது?"

அவருக்கு விளங்கவில்லை. "என்ரையையோ?"

"ஓம். நீங்களும் ஏறி இறங்கிப் பாத்தனீங்களோ?"

சிரித்தார். "எனக்கு என்னத்துக்கு? பிள்ளை பெறுறது நானில்லையே."

வந்த இரக்கம் வந்த வழியே போய்விட்டது. "வேறை பிள்ளையளையும் ஏத்தினனீங்கள் என்ன?" என்று கேட்டேன்.

"பத்து இருவது பேர் இருக்கும். ஆனால் ஒருத்தரும் உங்களைப் போலை இல்லை."

புகழ்ந்து சொல்வதாகவே அவர் நினைத்தார். முகம்கூட மலர்ந்திருந்தது. நான் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். கார் போகிற சத்தம் கேட்டது. அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

முடிந்தது என்று நான்தான் நினைத்தேன். ஒரு மாதம் சென்றிருக்கும், தரகர் வந்து விறாந்தையில் சப்பாணி கட்டிக்கொண்டு இருந்தார். அவர்தான் டொக்டரையும் கொண்டுவந்தவர். கலியாணம் குழம்பியதில் அவருக்குத் துளி கவலையும் இருக்கவில்லை.

"நீங்கள் ஏன் யோசிக்கிறியள்?" என்றார் ஐயாவிடம். "இனி உங்கடை பிள்ளைக்கு இடம் வந்து குவியும். டொக்டரே சோதிச்சு முதல்தரம் எண்ட பிள்ளை. நான் எந்த வாசலிலையும் தலை நிமிந்து நிண்டு சொல்லுவன்."

உள்ளறையில் பாடசாலைக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்த எனக்கு எல்லாம் கேட்டது. இறைச்சிக் கடையில் தொடையில் முத்திரை குத்தித் தொங்கவிடுவார்களே, அதுதான் நினைவுக்கு வந்தது. ஐயா ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். ஐயா கோப்பி கொண்டுவரச் சொன்னார்.

தரகர் கோப்பியை உறிஞ்சிக்கொண்டே தொடர்ந்தார். "கொட்டாஞ்சேனையிலை ஒரு பிள்ளை, பாவம், பாதியிலேயே நிண்டிட்டுது. நாடி குதிரை மாதிரி ஓடினதாம். நெஞ்சு வருத்தம், இருதய நோய். வெளியிலை பாத்தால் தெரியாது. அதுக்கு ரெண்டு இடம் பேசி வைச்சிருந்தனான். ரெண்டு பேருக்கும் உள்ளதைச் சொல்லிப்போட்டன். பிறகு என்னிலையெல்லோ பழி வரும்."

"ஆற்றை பிள்ளை?" என்று ஐயா கேட்டார்.

"கப்பலுக்குக் கயிறும் தாரும் விக்கிற கடைக்காரற்றை மோள்."

நான் கொப்பியை மூடிவைத்தேன். அவள் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள். வகுப்பில் சிரிப்பை அடக்கமுடியாமல் அடி வாங்குகிறவள்.

அடுத்த சனிக்கிழமை கோட்டை வரை ரயிலில் போய், அங்கிருந்து டிராம் பிடித்து, கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அவர்கள் கடைக்கு மேல்மாடியில் இருந்தார்கள். படியேறும்போதே தார் மணம் மூக்கில் ஏறியது. கதவைத் திறந்த தாய், துக்கம் விசாரிக்க வந்தவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். பட்டப்பகலில் அவள் தலையணையில் சாய்ந்து கிடந்தாள். பக்கத்தில் ஆறிப்போய் ஆடை படிந்த பால்.

"என்னடி இது?" என்றேன்.

"படி ஏறி இறங்கக் கூடாதாம். அப்ப நான் கீழை போகவே ஏலாதுதானே" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

பிறகு நடந்ததைச் சொன்னாள். அவர்கள் பார்க்க வந்தபோது அவள் கந்தசஷ்டி விரதம். நாள்கணக்காகப் பாலும் பழமும் மட்டும்தான். "முதல் எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. கலியாணத்துக்குப் பெட்டியிலை ஏறுறதோ எண்டு. பிறகு அந்த மனுசி என்ரை காலைப் பாத்துக்கொண்டே இருந்தா. எனக்கு வெக்கத்திலை நெஞ்சு அடிக்கத் துவங்கிட்டுது. கண் இருட்டினது, நிண்டிட்டன். அந்த ஆள் வந்து கையைப் பிடிச்சு எண்ணினார். எண்ணிப்போட்டுத் தாயைப் பாத்துத் தலையை ஆட்டினார். எனக்கு ஒண்டும் சொல்லேல்லை. எனக்கு என்ன வருத்தம் எண்டதைக் கடைப் பொடியள் கதைக்கிறதிலையிருந்துதான் அறிஞ்சனான்."

அவளுடைய தகப்பன் நல்ல மனிதர். "டொக்டர் சொன்னால் பிழையாய் இருக்குமோ பிள்ளை?" என்று என்னைக் கேட்டார். வேறு டொக்டரிடம் காட்டச் சொன்னேன். ஆஸ்பத்திரி வாசலில் யாராவது கண்டால் கதை உறுதியாகிவிடும் என்று பயந்தார்கள். கடைசியில், துணி எடுக்க என்னோடு வருகிறாள் என்று அயலில் சொல்லிவிட்டு, நானே அவளைப் பொரளைக்குக் கூட்டிப்போனேன். எங்கள் பாடசாலைப் பிள்ளைகளைப் பார்க்கும் பெண் டொக்டர் ஒருவர் அங்கே இருந்தார்.

அவர் அவளைப் படுக்கவைத்து நெஞ்சிலும் முதுகிலும் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு தன் வீட்டுப் படிகளில், கதைத்துக்கொண்டே, கூடவே ஏறி இறங்கினார். மறுபடி கேட்டார்.

"நெஞ்சிலை ஒரு பிழையும் இல்லை" என்றார். "வெறும் வயித்தோடை, பயந்து, வெக்கப்பட்டு ஏறினால் ஆற்றை நாடியும் ஓடத்தான் செய்யும். உடம்பு ஓடப் பழகியிருக்கோ எண்டு பாக்கிற சோதினை அது. பழகாத பிள்ளைக்கு நாடி ஆறுதலா, நேரமெடுத்துத்தான் அடங்கும். அதை வைச்சு நெஞ்சு வருத்தம் எண்டு சொன்னது ஆர்? படிச்சவனோ?"

கோபத்தில் அவருடைய முகம் சிவந்துவிட்டது. எழுதித் தருகிறேன், கொண்டுபோய்க் காட்டுங்கள் என்று பேனாவை எடுத்தார். என் சிநேகிதி வேண்டாம் என்றாள்.

"கடிதத்தைக் காட்டிக்கொண்டு வீடு வீடாத் திரியிறதோ? அதுவும் பெட்டியிலை ஏறின மாதிரித்தான்."

திரும்பி வரும்போது டிராமில் என் பக்கத்தில் இருந்தாள். இனிச் சரி என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் கண்டேன். மடியில் முந்தானைக்குக் கீழே, அவளுடைய வலதுகை விரல்கள் இடது மணிக்கட்டைப் பிடித்திருந்தன. உதடுகள் மெல்ல அசைந்தன.

"என்னடி செய்யிறாய்?"

"ஒண்டுமில்லை" என்று கையை எடுத்தாள். பிறகு தானாகவே சொன்னாள், அன்றிலிருந்து இப்படித்தான் என்று. எழும்பினால் எண்ணுகிறாள். சாப்பிட்டால் எண்ணுகிறாள். சாமி கும்பிடக் கைகூப்பினாலும் விரல் அங்கேதான் போகிறது. இப்போது டொக்டர் ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகும் போகிறது.

அந்த மாப்பிள்ளை டொக்டரின் ஈர விரல்கள் அவளுடைய கையிலேயே முளைத்துவிட்டன என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்து ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அதுக்கு நாங்கள் என்ன செய்யிறது?" என்றார். ஆனால் அடுத்த முறை தரகர் வந்தபோது கோப்பி வரவில்லை. அம்மா வெறுங்கையோடு வாசலுக்கு வந்தார். அந்த மனிதரோடு அதுவரை ஒரு சொல் நேரே பேசாதவர் அம்மா.

"கொட்டாஞ்சேனைப் பிள்ளைக்கு ஒரு வருத்தமும் இல்லை. பொரளையிலை பெரிய டொக்டர் பாத்தாச்சு. நீங்கள் போன வீடெல்லாம் திரும்பிப் போய் அதைச் சொல்லுங்கோ. சொல்லாட்டில் நானே போய்ச் சொல்லுவன். இந்த வீட்டுக்கு இனி வராதேங்கோ."

தரகர் ஐயாவைப் பார்த்தார். ஐயா பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் அவர் எனக்குச் செய்த உதவி அதுதான்.

தரகர் போய்ச் சொன்னாரோ இல்லையோ தெரியாது. அப்படிப்பட்ட கதையைப் பரப்புவது சுலபம். திரும்ப அள்ளி எடுக்க ஒருவராலும் முடியாது. டொக்டர் அந்த வருடமே எங்கேயோ கலியாணம் செய்துகொண்டார். மணமகள் நல்ல திடகாத்திரமான பிள்ளை என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள். கேட்டபோது நான் எச்சிலைக் காறித் துப்பினேன். படித்த பெண் செய்கிற வேலையா என்று ஐயா கேட்டார்.

எங்கள் பாடசாலையில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆள் தேவைப்பட்டபோது தலைமை ஆசிரியையிடம் சொல்லி என் சிநேகிதியைச் சேர்த்துவிட்டேன். அவளுடைய தாய் அழுதார், தகப்பன் போக விட்டார். முதல் தவணை முழுக்க அவள் மாடிப்படியில் பாதியில் நின்று நின்றுதான் ஏறுவாள். நான் காணாதவள்போல முன்னே போவேன்.

ஒருநாள் மத்தியானம் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. மைதானத்தில் சித்திரம் கீறிக்கொண்டிருந்த பிள்ளைகளின் கடுதாசிகள் காற்றில் பறந்தன. அவள் கத்திக்கொண்டு வெளியே ஓடினாள். கடுதாசிகளையும் பிள்ளைகளையும் வாரி எடுத்துக்கொண்டு, இரண்டு இரண்டு படியாகத் தாவி மேலே வந்து, என் வகுப்பு வாசலில் சுவரோடு சாய்ந்தாள். தலையிலிருந்து தண்ணீர் வடிந்தது. மூச்சு வாங்கியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவளுடைய வலதுகை விரல்கள் இடது மணிக்கட்டுக்குப் போயின.

என் பார்வையைக் கண்டுவிட்டாள்.

"எண்ணேல்லையடி" என்றாள். "காப்பு ஒண்டைக் காணேல்லை. ஓடேக்கை உடைஞ்சு விழுந்திட்டுது போலை."

அவள் சொன்னது உண்மையோ பொய்யோ எனக்குத் தெரியாது. மழை விட்டதும் இரண்டு பேருமாக மைதானத்துக்கு இறங்கிப் போய்க் காப்புத் துண்டைத் தேடினோம்.